பஞ்சாகிப்போன தரை

எங்கள் செருப்புக் கடையில் ஏழு கண்ணாடிகள் இருந்தன. ஏழும் தரையிலிருந்து முழங்கால் உயரம்தான். சற்றே சாய்த்து வைத்திருப்பார்கள். அவற்றில் யாருக்கும் முகம் தெரியாது, கால் மட்டும் தெரியும். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை ஆள் வரத்து குறைவு. வெயிலுக்காக முன்பக்கத் திரையை இறக்கிவிட்டால் உள்ளே விழும் வெளிச்சம் தேன் நிறமாகிவிடும். தரைவிரிப்பு எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடும். யாராவது ஒருவர் நடந்தால் ஏழு கண்ணாடிகளிலும் இரண்டிரண்டு கால்கள் ஓசையின்றி மிதந்து போகும். மேலே ஆளே இல்லாததுபோல இருக்கும். நான் பின்னறையில் சரக்குப் பதிவேடு எழுதுகிறவன். நிமிர்ந்தால் வாசல் சட்டத்துக்குள் இரண்டு கண்ணாடிகள் மட்டும் தெரியும். இருபத்தாறு வருடம் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் போய்வந்த கால்களில் பாதிக்கு மேல் எட்டரையின் கால்கள்.

எட்டரை என்பது அவருடைய பட்டப்பெயர். வேலை கேட்டு வந்த அன்று முதலாளி மேசைக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செருப்புக் கடையில வேலை பாக்கணும்னா கால் தெரியணும். என் அளவு என்ன, சொல்லு பாக்கலாம்."

வாசலில் நின்றபடியே அவர் சொன்னார். "எட்டரைங்க."

முதலாளி சிரித்தார். "முப்பது வருஷமா எட்டுதான் போட்டுக்கிட்டிருக்கேன்."

"அதனாலதாங்க வலது சுண்டுவிரல்ல ஆணி இருக்கு."

அளவுப் பலகையை எடுத்துவரச் சொன்னார் முதலாளி. அளந்தது நான்தான். எட்டரை. அன்றைக்கே செருப்பை மாற்றினார், மூன்று மாதத்தில் கால் ஆணி மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எட்டரையின் சொந்தக் கால் அளவு ஏழு.

இங்கே நான் எழுதப்போவது அந்த ஏழாம் அளவு வலது காலைப் பற்றி. அது போயிருக்க வேண்டிய கால். போகவில்லை.

அவர் வேலை செய்யும் விதமே தனி. வாடிக்கையாளரை உட்காரவைத்து, எதிரே ஒரு முழங்காலை ஊன்றி, அவர்களுடைய குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வார். செருப்பு ஏறியதும் கட்டைவிரல் நுனியை அழுத்திப் பார்ப்பார். அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஊரில் ஆட்களை அவர் காலை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தார். "அந்தக் கட்டைவிரல் சாஞ்ச டீச்சர்," "குழிப் பாதக்காரர்," "ரெண்டு காலும் ரெண்டு அளவு இருக்கிற தபால்காரர்" என்பார். அவருடைய மனைவி ஒருநாள் கடையில் வைத்தே சொன்னாள்: "என் மூஞ்சி இவருக்கு அடையாளம் தெரியாதுண்ணே. செருப்பை மாத்திட்டுப் போய் நின்னா பக்கத்து வீட்டம்மான்னு நெனச்சுக்குவார்."

அந்தம்மா ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை பார்த்தாள்.

காலைப் பார்த்தே உடம்பைச் சொல்லிவிடும் வழக்கமும் எட்டரைக்கு உண்டு. ஒரு பஸ் கண்டக்டரிடம், "போன வாட்டி எட்டு சரியா இருந்துச்சு, இப்ப எட்டு ஏறலை. கணுக்காலை அழுத்தினா குழி விழுது சார். செருப்பு அப்புறம் வாங்கிக்கலாம், டாக்டரைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார். டீச்சர் ஒருவரின் விரலிடுக்கில் இருந்த புண்ணை அந்த டீச்சருக்கே காட்டிக்கொடுத்தார். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்பது பேர். எங்கள் கல்லாக்கார அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "இவர் இப்படி வர்றவங்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா, நாம வெறும் டப்பாவைத்தான் விக்கணும்."

கடையில் ஒரு விதி இருந்தது. புது மாடல் எது வந்தாலும், விற்பனைக்கு வைக்கும் முன் விற்கிறவர் அதை ஒரு வாரம் கடைக்குள் போட்டு நடக்க வேண்டும். வார முடிவில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். அதற்கென்று ஒரு நீண்ட நோட்டு. அட்டையில் "போட்டுப் பார்த்தது" என்று எழுதியிருந்தேன். எட்டரை குறை சொல்வதில் கெட்டிக்காரர். "குதிகால் கடிக்கிறது, இடது." "சுண்டுவிரல் நெருக்கம், மூன்றாம் நாள் முதல்." "உள்ளே தையல் முடிச்சு உறுத்துகிறது, கட்டைவிரலுக்குக் கீழே, கடுகு அளவு." அந்தக் கடுகளவு முடிச்சைக் கத்தியால் பிளந்து பார்த்தோம். இருந்தது.

அவருக்கு நாற்பத்தொன்பது வயதானபோது அந்த நோட்டின் மொழி மாறத் தொடங்கியது. எழுதிய கைக்கே அது உடனே தெரியவில்லை.

"மெத்தென்று இருக்கிறது." அடுத்த மாடலுக்கு, "மெத்தென்று இருக்கிறது, முன்னதைவிட." அதற்கும் அடுத்து, "பஞ்சு." பிறகு ஒரு பழுப்பு நிற ஷூ வந்தது. கயிறு இல்லாதது, ஸ்பாஞ்சு அடிப்பாகம் வைத்தது. அதைப் போட்ட வாரம் எட்டரை கடைக்குள் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலைத் தூக்கிச் சற்று உயரத்திலிருந்து மெதுவாக வைத்தார். ஆழம் தெரியாத தண்ணீருக்குள் இறங்குகிறவர் அப்படித்தான் வைப்பார். கண்ணாடிகளில் அந்தப் பழுப்பு நிறக் கால்கள் இறங்கி இறங்கி எழுந்தன.

"அண்ணே, எழுதிக்கோங்க. தரையே இல்ல. மேகத்து மேல நடக்கிற மாதிரி இருக்கு."

"மேகம்னு எழுதவா?"

"மேகம்னே எழுதுங்க. இத்தனை வருஷத்துல கம்பெனிக்காரன் இப்பத்தான் செருப்பு செய்யக் கத்துக்கிட்டான்."

வீட்டிலும் தரை மாறிவிட்டதாகச் சொன்னார். காலையில் எழுந்து காலை ஊன்றினால் ஈர மணலில் நிற்பதுபோல இருக்கிறதாம். குளியலறையில் தண்ணீர் சூடா குளிரா என்று கால் சொல்வதில்லையாம், கைதான் சொல்கிறதாம். ராத்திரிக் கனவில் ஆளில்லாத கால்கள் வரிசையாக வந்து நின்று தங்கள் அளவைக் கேட்கின்றனவாம். இவரும் ஒவ்வொன்றுக்கும் அளவு சொல்லிக்கொண்டே வருவாராம். கடைசியாக ஒரு ஜோடி வருமாம். அதற்கு மட்டும் அளவு வாயில் வராதாம்.

"யாரு காலு அது?" என்றேன்.

"தெரியலையே அண்ணே. அது முன்னாடி வந்ததும் முழிப்பு வந்துடுது."

இதையெல்லாம் அவர் சந்தோஷமாகவே சொன்னார். கேட்க எனக்கும் இதமாகத்தான் இருந்தது. மதிய வெளிச்சத்தில் தோல் வாசனைக்கும் பசை வாசனைக்கும் நடுவே உட்கார்ந்து அவர் மேகத்தைப் பற்றிப் பேசுவார், நான் டப்பாக்களில் எண் எழுதிக்கொண்டிருப்பேன்.

பழுப்பு நிற ஷூ முதல் மாதம் நாற்பத்தாறு ஜோடி விற்றது. எல்லாம் எட்டரையின் வாய்ஜாலம். அதே மாதம் பதினான்கு ஜோடி திரும்பி வந்தது. திருப்பித் தருகிறவர்கள் சொல்லும் காரணத்தை எழுதப் பதிவேட்டில் ஒரு பத்தி உண்டு. ஒன்பது பேர் ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொல்லியிருந்தார்கள்: கல்.

கல்லாக்கார அம்மா அந்த ஒன்பதையும் வரிசையாகப் படித்துக் காட்டினாள். "எட்டரை அண்ணே, ஒங்க மேகத்துலேர்ந்து கல்மழை பெய்யுது."

"அவங்களுக்கு நடக்கத் தெரியலம்மா."

எனக்கும் ஒரு ஜோடி கொடுத்திருந்தார். இரண்டு நாள் போட்டேன். கல் என்று சொல்லமாட்டேன், கட்டை என்று சொல்லலாம். என் வயதுதான் காரணம் என்று நினைத்து அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்த சரக்கைப் பற்றிக் கம்பெனிக்கு எழுத வேண்டியிருந்ததால், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்த நீண்ட நோட்டை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன். இருபத்திரண்டு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மாடல்கள். முதல் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றில் ஒரு குறைகூட இல்லாதவை மூன்றே மூன்று. கடைசி இருபத்தொன்றில், அதாவது கடந்த பதினான்கு மாதத்தில், குறை சொன்னது ஒன்றுகூட இல்லை. நான்கு வெவ்வேறு கம்பெனிகளின் சரக்கு அவை. தோல் வேறு, அடிப்பாகம் வேறு, விலை வேறு. நான்கு கம்பெனிகளும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் திருந்தியிருக்க முடியாது.

செருப்பு மாறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். எட்டரை ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டரை, கொஞ்சம் கேளு." கடைசி இருபத்தொன்றையும் படித்தேன். மெத்து, மெத்து, பஞ்சு, பஞ்சு, மேகம். பிறகு பழைய பக்கம் ஒன்றைத் திறந்து அந்தக் கடுகளவு முடிச்சைப் படித்தேன்.

"அதான் சொன்னேனே அண்ணே, செருப்பு நல்லா வர ஆரம்பிச்சிடுச்சு."

"கால்ல போட்டிருக்கிறதைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டேன்ப்பா."

வலது ஷூவைக் கழற்றினார். உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, உள் அட்டையைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி நுனி நின்றது. அரிசி நீளம் இருக்கும். என் விரல் பட்டதும் சுரீர் என்றது. அவருடைய காலுறையில் அதே இடத்தில் ஒரு பழுப்பு வட்டம், நடுவில் காய்ந்து கறுத்திருந்தது. காலுறையை உரித்துக் காலைத் திருப்பினார். மிளகு அளவு ஒரு குழி. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறியிருந்தது.

எட்டரை அதை வெகுநேரம் பார்த்தார். ஊரார் காலைப் பார்க்கும் அதே பார்வைதான். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, புண்ணின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். கண்ணைத் திறந்தார்.

"கைக்குத்தான் தெரியுது அண்ணே. காலுக்குத் தெரியல." குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது. "வேற யாராவது இப்படி வந்து உக்காந்திருந்தா ஓடு ஓடுன்னு அனுப்பியிருப்பேன்."

"சரி, நாளைக்கு நீ ஓடு."

அவர் காலுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். போகமாட்டார் என்று அந்த மாட்டிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. காரணமும் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் ஒரு சோதனைக்கென்று நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனவர். சக்கர நாற்காலியில், ஒரு கால் இல்லாமல் திரும்பிவந்தார். புண்ணை எட்டு மாதம் மறைத்துவைத்திருந்து கடைசியில் போனார் என்ற கணக்கெல்லாம் எட்டரையின் மனதில் பதியவில்லை. காலோடு போனவன் காலில்லாமல் வந்தான் என்பதுதான் பதிந்திருந்தது.

மறுநாள் கேட்டேன். "ஆணியைப் பிடுங்கிட்டேன், மருந்து போட்டிருக்கேன்" என்றார். அதற்கு மறுநாள், "பெரிய ஆஸ்பத்திரியில முழு உடம்புச் சோதனைன்னா ஒன்றரை மாச சம்பளமாம் அண்ணே. பாக்கலாம்" என்றார்.

அந்தப் "பாக்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மூன்று நாள் மதிய இடைவேளையில் மூன்று இடங்களுக்கு நடந்து போனேன். முதல் இடம் அவர் சொன்ன பெரிய ஆஸ்பத்திரி. பளபளவென்ற தாளில் அறுபத்து நான்கு சோதனைகள் அச்சடித்திருந்தார்கள். விலை அவர் சொன்னதுதான். "இதில் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பது உண்டா?" என்று கேட்டேன். அங்கிருந்த பெண் பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு இல்லை என்றாள். இரண்டாவது, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். காலை எட்டு மணிக்கு முன்பு போனால் சலுகை விலை. ஆனால் ரத்தத்தோடு சரி. மூன்றாவது, காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நகராட்சிச் சுகாதார நிலையம். இருபத்து நான்கு வருடம் அதன் சுவரை ஒட்டி நடந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. வியாழக்கிழமை தோறும் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை, நான்காம் அறையில் சர்க்கரைக்காரர்களுக்கு மட்டுமல்லாமல் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் ரத்த அழுத்தம், சிறுநீர், கண், கால் எல்லாம் பார்க்கிறார்கள். இலவசம். விரல் நுனியில் எடுக்கும் சர்க்கரைச் சோதனைக்கு ஒரு ஜோடி ஷூ கயிற்றின் விலை. மூன்று மாதச் சராசரி பார்ப்பதற்கு ஒரு டப்பா பாலிஷ் விலை. வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

இவ்வளவையும் ஒரு ஷூ டப்பா மூடியின் உட்புறம் எழுதி, எட்டரையிடம் கொடுக்காமல் பள்ளிக்கூட வாசலில் நின்று அவருடைய மனைவியிடம் கொடுத்தேன். புண்ணைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மூடியைப் படித்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசி மணி அடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

"அடிச்சிட்டு வர்றேன், இருங்கண்ணே."

நேரே கடைக்கு வந்தாள். எட்டரை ஒருவருக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வாடிக்கையாளர் போகும்வரை பொறுமையாக நின்றாள்.

"நான் ஒரு மணி அடிச்சா ரெண்டாயிரம் புள்ளைங்க எந்திரிச்சு நிக்குதுங்க. இந்த ஒரு ஆளு எந்திரிக்க மாட்டேங்கிறாரு."

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொன்னா என்ன? வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்குக் கிளம்புறீங்க."

"அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். அவரு எட்டு மாசம் கழிச்சுப் போனாரு. நீங்க என்னிக்குப் போகப் போறீங்க? ஏழாம் மாசமா?" டப்பா மூடியை அவர் கையில் திணித்தாள். "நீங்க வரலைன்னா பள்ளிக்கூட மணியைக் கழட்டிட்டு வந்து உங்க தலமாட்டுல அடிப்பேன்."

கல்லாக்கார அம்மா கல்லாவுக்குள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான் வேணா பிடிச்சுக்கிறேன்க்கா."

எட்டரை சிரித்தார். ஒரு வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல்முறை.

வியாழக்கிழமை மூவரும் போனோம். ஏழு இருபதுக்கு அங்கே பதினோரு பேர் இருந்தார்கள். நீளமான வராந்தா. காலை மூட்டம் இன்னும் கலையாமல் மரங்களுக்கிடையே தங்கியிருந்தது. வெறும் வயிற்றில் இருந்ததாலோ என்னவோ எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எட்டரை குனிந்த தலையோடு வரிசையைப் பார்த்துக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார். "ஆறு... ஒம்போது... அதோ அந்தம்மா ஏழு போடணும், ஆறரை போட்டிருக்கு... பத்து..." எண்கள் அவருக்குத் தைரியம் கொடுப்பதாகத் தோன்றியது. ஆறரை போட்டிருந்த அம்மாதான் நான்காம் அறை நர்ஸ்.

ரத்தம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள். பிறகு ஒரு கட்டிலில் சாய்த்துக் காலை நீட்டச் சொன்னார்கள். நர்ஸ் கையில் பேனா மாதிரி ஒரு குச்சி இருந்தது. அதன் நுனியில் மீன் தூண்டில் நூல்போல ஒரு நைலான் இழை. முதலில் அதை அவருடைய கையில் வைத்து இழை வளையும்வரை அழுத்திக் காட்டினாள்.

"இப்படித்தான் இருக்கும். வலிக்காது. கண்ணை மூடிக்கோங்க. நான் தொடுறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க."

ஊரார் காலையெல்லாம் கண்ணை மூடித் தொட்டுப் பார்த்தவர் இப்போது கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஜன்னல் வழியே மூட்டத்தின் வெளிச்சம் அவருடைய உள்ளங்கால்களில் விழுந்தது. அறையில் சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது.

"ம்," என்றார். "ம்." சற்று விட்டு, "ம்."

"நான் இன்னும் தொடவே இல்லையே," என்றாள் நர்ஸ்.

எட்டரை கண்ணைத் திறக்காமலே வெட்கப்பட்டார். "பழக்கம்மா. கேக்கறவங்க மொகம் வாடக்கூடாதுன்னு இருபத்திரண்டு வருஷமா 'ஆமாங்க, நல்லாருக்குங்க'ன்னே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"எங்கிட்ட எதையும் விக்க வேணாம். தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

மறுபடி தொடங்கினாள். அந்த நேரம் என் மனதில் மிக நீளமாகப் பதிந்திருக்கிறது. இழை பாதத்தில் வளைவதை நாங்கள் இருவரும் பார்க்கிறோம். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், பெருவிரலில் இழை வளைகிறது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது விரலுக்குக் கீழே இழை வளைந்தது. ஒன்றுமில்லை. பாதத்தின் நடுவில், "ம்." குதிகாலில், "ம்."

வலது பாதத்தில் பத்து இடங்களில் ஆறு தெரிந்தது. இடதில் எட்டு. ரத்தத்தில் சர்க்கரை வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினான்கு. மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி ஆறு. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோயாம், அதுதான் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றிருந்தது. டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து, கம்பி போன்ற ஒன்றை விட்டு ஆழம் பார்த்தார்.

"எலும்புக்குப் போகலை," என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு மூணு வாரம் விட்டிருந்தீங்கன்னா போயிருக்கும். அப்ப நான் வேற பேச்சுப் பேசியிருப்பேன்."

"காலு?" என்றார் எட்டரை.

"இருக்கும். அது உங்க கையிலதான் இருக்கு."

புண் ஆறும்வரை அந்த இடம் தரையில் அழுந்தக் கூடாது என்றாள் நர்ஸ். எப்படி என்று விளக்க ஒரு தாளில் படம் போட ஆரம்பித்தாள். எட்டரை தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம்மா, இது எங்க வேலை" என்றார். அன்று மதியமே கடையில் கெட்டியான உள் அட்டை ஒன்றை எடுத்து, புண் வரும் இடத்தில் துளை விட்டு, ஓரத்தைச் சீவி, பளு நான்கு பக்கமும் பரவும்படி வெட்டினார். அதைப் பார்த்த நர்ஸ் இன்னும் ஆறு பேருக்கு வேண்டும் என்று கால்களை வரைந்து கொடுத்தனுப்பினாள்.

மாத்திரை, டீயில் சர்க்கரை கிடையாது, சாயங்காலம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுதல். நாற்பத்தொரு நாளில் புண் மூடியது. புதுச் செருப்பை ஒரு வாரம் போட்டு நடக்கும் வேலை அவருக்கு இனி ஆகாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அது கல்லாக்கார அம்மாவிடம் போனது. அவள் ஒரு நாள் போட்டுவிட்டு, "கடிக்குது" என்று ஒரே வார்த்தை சொல்வாள். எட்டரை அவளுடைய காலில் சிவந்திருக்கும் இடங்களைப் பார்த்து மிச்சத்தைச் சொல்வார், நான் எழுதுவேன். நோட்டில் குறைகள் திரும்பி வந்தன. அவற்றை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறு வருடம் அதே வியாழக்கிழமை போனோம். நர்ஸ் ஏழாம் அளவு செருப்பு போட்டிருந்தாள். எட்டரை கண்ணை மூடினார். தெரியாத இடங்களில் வாயைத் திறக்கவே இல்லை. அந்த மௌனம் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு வந்தேன். வலதில் நான்கு, இடதில் இரண்டு.

"வலது ஆறு, இடது எட்டு," என்றாள் நர்ஸ். "போன வருஷமும் இதேதான். மாற்றமில்லைன்னு எழுதிக்கிறேன்."

"வலதுல போன நாலு திரும்ப வராதாம்மா?"

"வராதுங்க. இருக்கிற ஆறு போகாம பாத்துக்கலாம்."

வெளியே வந்து நடந்தோம். காலை இன்னும் அந்த மேகத்தில் வைப்பதுபோலத்தான் வைத்தார். "தரை இன்னும் பஞ்சாத்தான் இருக்கு அண்ணே," என்றார். "கனவுல அந்தக் கடைசி ஜோடிக்கு அளவு சொல்லிட்டேன். ஏழு."

அந்த ஒரு வருடத்தில் அவருக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. கடை மூடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு, கடைசி ஆள் போனதும், ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு முழங்கால் உயரக் கண்ணாடி ஒன்றின் முன் உட்காருவார். செருப்பைக் கழற்றி, வலது காலை இடது தொடைமேல் போட்டு, உள்ளங்காலைக் கண்ணாடிக்குக் காட்டுவார். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். பின்னறையிலிருந்து நான் நிமிர்ந்தால் வாசல் சட்டத்துக்குள் ஒற்றை உள்ளங்கால் மட்டும் சாயங்கால வெளிச்சத்தில் தெரியும்.

"அண்ணே, எழுதிக்கோங்க. இன்னைக்கு ஒண்ணுமில்ல."

அந்த நீண்ட நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி எழுத ஆரம்பித்தேன். தேதி. ஒன்றுமில்லை. தேதி. ஒன்றுமில்லை. நான் வேலையிலிருந்து நின்றபோது முதலாளி நோட்டை எனக்கே கொடுத்துவிட்டார். அதன்பின் எட்டரை போனில் சொல்ல ஆரம்பித்தார். அவரும் இப்போது வேலையை விட்டுவிட்டார். வீட்டில் அவருடைய மனைவி ஒரு முழங்கால் உயரக் கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள். கடையில் ஏழில் ஒன்றை மாற்றியபோது பழையதைக் கேட்டு வாங்கியது.

பதினோரு வருடமாகிறது. நேற்றுவரை நான்காயிரத்துப் பன்னிரண்டு பதிவுகள். எட்டு நாட்களில் மட்டும் வேறு வார்த்தை இருக்கிறது: கொப்புளம், நகக்கீறல், குதிகால் வெடிப்பு. எட்டு முறையும் மறுநாள் காலையிலேயே அந்தச் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார்.

இன்று ஆறே முக்காலுக்குப் போன் வந்தது. பின்னால் அவருடைய மனைவி, "இடது காலையும் பாருங்க, அது என்ன அடுத்த வீட்டுக்காரர் காலா?" என்று சத்தம் போடுவது கேட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"ரெண்டும் பாத்துட்டேன் அண்ணே. ஒண்ணுமில்ல."

எழுதிக்கொண்டேன்.